கமக்காரருக்கு ஏற்ற சிறு மின்சூள்: ஒளி, கற்றை, கையாளும் வசதி ஆகியவற்றைச் சோதிக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கமத்தொழில் சூரிய அத்தமனத்தோடு முடிந்துவிடுவதில்லை. நல்லூர், திருநெல்வேலி, கோண்டாவில், கோப்பாய் முதலிய இடங்களின் செம்மண் தறைகளில் வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியவற்றைச் செய்கை பண்ணுவோர், வெயில் ஏறுமுன் இறைப்பை முடிக்கும் பொருட்டு விடியற்புறத்திலேயே கிணற்றடிக்குச் செல்வதுண்டு. மாலையில் தொடங்கும் இறைப்பு இருட்டிய பின்னும் நீளுவதுண்டு. காலபோகத்தில் பெருமழை பெய்யும் இரவுகளில், வரம்பு உடைந்ததா, வயலில் நீர் அளவுக்கு மிஞ்சி நிற்கின்றதா எனப் பார்த்து வருவதும் நெற்செய்கையாளரின் வேலையாகும். பயிர்களை அரிக்கும் ஆபிரிக்க நத்தையும் வெட்டுப்புழுவும் இரவிலேயே வெளிப்படுவன ஆதலின், அவற்றைக் கையாற் பொறுக்கி அழிப்பதற்கும் இரவே ஏற்ற வேளையாகும்.

இவ்வேலைகள் யாவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும். பேச்சுவழக்கில் ரோச்லைற் எனப்படும் மின்சூள் இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. ஆயினும் அதனை வாங்கும்போது, கடைக்காரர் சுவரில் அடித்துக் காட்டும் வெளிச்சத்தின் பிரகாசத்தை மாத்திரம் கண்டு பலர் தெரிவு செய்கின்றனர். கடைச் சுவர் வெண்மையானது. வயல் வரம்போ கருமையானது. சுவரிலே கண்ணைப் பறிக்கும் மின்சூள் வரம்பிலே காலடியைக் காட்டாது போகலாம். ஆதலின் ஒரு மின்சூளை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பது இங்கு விளக்கப்படுகின்றது.

இருளில் உள்ள ஆபத்து

குடாநாட்டின் உலர்ந்த மணற்பாங்கான நிலங்களிலும் வேலியோரங்களிலும் சுருட்டை விரியன் காணப்படுகின்றது. இது பெரும்பாலும் ஒரு முழ நீளமே உள்ளது, மண்ணின் நிறத்தோடு ஒத்த நிறமுடையது, இரவில் நடமாடுவது. கண்ணாடிப் புடையன் எனவும் வழங்கும் கண்ணாடி விரியன், எலிகளைத் தேடி நெல்வயல்களிலும் வரம்புகளிலும் திரிவது. இவ்விரண்டும் மனிதர் வரும்போது விலகியோடாது சுருண்டு கிடக்கும் இயல்புடையன. ஆதலின் கடி பெரும்பாலும் மிதித்தலினால் அல்லது மிக அண்மையிற் கால் வைத்தலினால் நேர்கின்றது.

இலங்கை முழுவதிலும் வீடுவீடாக நடத்தப்பெற்று 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர் எனவும், அவர்களுள் ஏறத்தாழ 400 பேர் இறக்கின்றனர் எனவும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் முதன்மையான பிரிவிற் சேர்த்தது. வயலில் உழைப்போரே இதனால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர்.

ஒன்றை இங்கு தெளிவாக அறிதல் வேண்டும். வெளிச்சத்தைக் கண்டு பாம்பு ஓடிவிடும் என எண்ணுதல் தவறு. மின்சூள் பாம்பை விரட்டும் கருவியன்று. பாம்பு கிடப்பதை மனிதனுக்குக் காட்டும் கருவியே அது. ஆகவே, காண வேண்டிய பொருளைக் காண வேண்டிய தூரத்திற் காட்டுகின்றதா என்பதே மின்சூளின் தகுதியை அறியும் முதற் கேள்வியாகும்.

சூளிலிருந்து மின்சூள் வரை

முன்னாளில் இரவில் வெளிச்செல்வோர் பனையோலையைக் கட்டிக் கொளுத்திய சூளைக் கையிற் கொண்டனர். பின்னர் அரிக்கன் லாம்பு வந்தது. உலர்மின்கலத்தைக் குழாயில் அடைத்து முன்னே மின்குமிழ் பொருத்திய கைவிளக்குக்கு 1899ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பார் உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் பின் நெடுங்காலம் இழைமின்குமிழே மின்சூள்களில் இருந்து வந்தது. அது மின்கலத்தின் சத்தியிற் பெரும்பகுதியை வெப்பமாகவே இழந்துவிடும். இக்காலத்து மின்சூள்களில் உள்ளது ஒளிகாலும் இருவாயி ஆகும். மக்கள் இதனை எல்.ஈ.டி. என்பர். வெண்ணிற ஒளி தரும் இருவாயிகள் தோன்றுவதற்குக் காரணமான நீலநிற இருவாயியைக் கண்டமைக்காக, யப்பானிற் பிறந்த அறிஞர் மூவருக்கு 2014ஆம் ஆண்டில் பெளதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

குடாநாட்டின் மூத்த கமக்காரர் மின்கலத்தின் அருமையை நன்கு அறிவர். 1990ஆம் ஆண்டின் பின் போர்க்காலத்தில் மின்கலங்கள் வடபகுதிக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கியிருந்தன. மின்சாரமும் இல்லாத அவ்வாண்டுகளில் மக்கள் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு விளக்கெரித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒளியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் அப்பழக்கம் இன்றும் பயனுள்ளதே. தேவைக்கு மிஞ்சிய ஒளியை எரிப்பவர், தேவையான வேளையில் ஒளியின்றி நிற்க நேரும்.

பெட்டியில் உள்ள எண்களின் பொருள்

நல்ல மின்சூள்களின் பெட்டியில் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை ஒளியளவு, தூரம், எரியும் நேரம் என்பன. இவற்றை அளப்பதற்கான பொதுநியமம் ஒன்று ஐக்கிய அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

லூமன் என்பது மின்சூளிலிருந்து வெளிவரும் ஒளி முழுவதின் அளவாகும். அவ்வொளி ஓரிடத்திற் குவிகின்றதா, பரந்து செல்கின்றதா என்பதை அது சொல்லாது. மேலும், மின்சூளை எரியவிட்டு 30 செக்கன் முதல் 2 நிமிடம் வரையுள்ள காலத்திலேயே இவ்வளவு எடுக்கப்படுகின்றது. மிகுந்த ஒளி தரும் சிறிய மின்சூள்கள் சில நிமிடங்களிற் சூடேறி, தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் பெட்டியிலுள்ள பெரிய எண் இறைப்பு முடியும்வரை நிலைப்பதன்று.

தூரம் என்பது, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம்வரை உள்ள தூரமாகும். இது தெளிந்த வானில் முழுநிலவு தரும் வெளிச்சத்துக்கு ஏறத்தாழச் சமம். பறுவ நிலவில் வரம்பு தெரியும். வரம்பிற் கிடப்பது கயிறா பாம்பா என்பது தெரியாது. எனவே 100 மீற்றர் என அச்சிடப்பட்டிருந்தால், அத்தூரத்திற் பொருளை அடையாளம் காணலாம் என்று கொள்ளலாகாது. தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பது ஒளியின் இயற்கை. 100 மீற்றரில் 0.25 லக்ஸ் தரும் மின்சூள் 50 மீற்றரில் 1 லக்ஸும், 10 மீற்றரில் 25 லக்ஸும் தரும். அச்சிட்ட தூரத்தின் காற்பங்கில் வெளிச்சம் 16 மடங்காகும். பொருளை அடையாளங் காண்பதற்கு இக்காற்பங்குத் தூரத்தையே முதலிற் கணக்கிற் கொண்டு, பின் வயலிற் சோதித்துப் பார்த்தல் நன்று.

எரியும் நேரம் என்பது, ஒளி தொடக்க அளவின் பத்திலொன்றாகக் குறையும்வரை உள்ள காலமாகும். 20 மணித்தியாலம் என்று அச்சிட்ட மின்சூள் அவற்றுட் பெரும்பகுதியை மங்கலாகவே எரிந்து கழிக்கலாம். எந்த ஒளிநிலையில் அந்நேரம் அளக்கப்பட்டது என்பதையும் பெட்டியிற் பார்த்தல் வேண்டும்.

எண்கள் எவையும் அச்சிடப்படாத மின்சூள்களும், நம்பத்தகாத பெரிய எண்களைத் தாங்கிய மின்சூள்களும் சந்தையில் உண்டு. அத்தகையவற்றை வயலிற் செய்யும் சோதனையாலேயே மதிப்பிடுதல் வேண்டும்.

கற்றையின் அமைப்பு

மின்சூளை ஒரு மீற்றர் தூரத்தில் நின்று சுவரில் அடித்துப் பார்த்தால் இரு பகுதிகள் தெரியும். நடுவே பிரகாசமான வட்டம் ஒன்றும், அதனைச் சூழ மங்கிய பெருவட்டம் ஒன்றும் இருக்கும். முன்னதை நடுவொளி எனவும், பின்னதைச் சூழொளி எனவும் கொள்ளலாம். தெறிப்பி ஆழமாக இருந்தால் நடுவொளி ஒடுங்கித் தூரஞ் செல்லும். தெறிப்பி ஆழங்குறைந்து இருந்தால் ஒளி பரந்து அண்மையில் நிற்கும். வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் கற்றையை மாற்றும் மின்சூள்களில், ஒடுக்கிய நிலையிற் சூழொளி பெரும்பாலும் இல்லாது போகும்.

வரம்பில் நடப்பவருக்கு ஒடுங்கிய நடுவொளி மாத்திரம் போதாது. நடுவொளி வரம்பின் மீது விழும்போது, வரம்பின் இருமருங்கிலும் உள்ள புல் இருளிலேயே கிடக்கும். பாம்பு கிடப்பதும் அங்கேதான். ஒளிவட்டத்தின் விட்டம் இருமடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். ஆகவே பரந்த ஒளியில் தூரம் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டே மின்சூளைத் தெரிதல் வேண்டும். நடப்பதற்கு ஐந்து மீற்றர் முன்னே, இரண்டு மீற்றர் அகலத்துக்காவது சூழொளி படரும் மின்சூளே உகந்தது. வயலின் மறுகோடியில் மாடு புகுந்ததா எனப் பார்ப்பதற்கே ஒடுங்கிய கற்றை வேண்டும்.

ஒளியின் நிறமும் கண்கூச்சமும்

நீலஞ் சார்ந்த வெள்ளொளி பார்வைக்கு மிகப் பிரகாசமாகத் தோன்றும். ஆயினும் மலிவான அவ்வகை இருவாயிகளிற் சிவப்பொளி குறைவாதலின், செம்மண்ணும் காய்ந்த புல்லும் மண்ணிறப் பாம்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றக்கூடும். மஞ்சள் சார்ந்த வெள்ளொளி இந்நிற வேறுபாடுகளைத் தெளிவாகக் காட்டும். அதற்குப் பூச்சிகள் வந்து மொய்ப்பதும் குறைவாகும். கடையில் மின்சூளை வெண்சுவரில் அடிப்பதை விட்டு, ஒரு பிடி செம்மண்ணிலும் காய்ந்த இலையிலும் அடித்துப் பார்த்தல் தக்கது.

ஒளி மிகுந்தாலும் தீங்குண்டு. மார்கழி, தை மாதங்களின் பனிப்புகாரிலும் நனைந்த இலைகளிலும் மிகுந்த ஒளி பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச்செய்யும். இருளுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால், முழுதும் மீண்டும் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் செல்லும். ஆதலின் குறைந்த ஒளிநிலை ஒன்றும், நடுத்தர ஒளிநிலை ஒன்றும் உள்ள மின்சூளே கமக்காரருக்கு ஏற்றது. நத்தை பொறுக்குதல், பாத்தி மாறுதல் முதலிய அண்மை வேலைகளுக்குக் குறைந்த ஒளி போதும். நத்தை பொறுக்கும்போது கையுறை அணிதல் வேண்டும். ஆபிரிக்க நத்தை மனிதருக்கு நோய் விளைக்கும் புழுவைத் தாங்கியிருக்கக்கூடும்.

வயலிற் செய்யத்தக்க சோதனைகள்

கருவி எதுவுமின்றி, நிலவில்லாத இரவில் வீட்டுத் தோட்டத்திலேயே பின்வரும் சோதனைகளைச் செய்யலாம். இரண்டு மின்சூள்களை ஒப்பிடுவதாயின் ஒரே இரவில், ஒரே இடத்தில் ஒப்பிடுதல் வேண்டும்.

1. கயிற்றுச் சோதனை. ஒரு முழ நீளமுள்ள தும்புக் கயிற்றைச் சுருட்டி, நடைபாதையின் ஓரத்தில் ஓரிடத்தில் வேறொருவர் வைத்துவிடல் வேண்டும். பாதையில் வேறு சில இடங்களில் ஓலைத் துண்டும் காய்ந்த மட்டையும் இடுதல் வேண்டும். மின்சூளுடன் ஒருவர் வழக்கமான வேகத்தில் நடந்து வந்து, கயிற்றை இன்னதென அறிந்தவுடன் நின்றுவிட வேண்டும். நின்ற இடத்திலிருந்து கயிறு வரை உள்ள தூரத்தை அளக்க. கயிற்றை இடம் மாற்றி ஐந்து முறை செய்து, மிகக் குறைந்த தூரத்தையே மின்சூளின் தகுதியாகக் கொள்க, சராசரியைக் கொள்ளலாகாது. ஒரு முறை தவறினாலும் அது ஒரு கடியாக முடியலாம். நடப்பவர் கண்டு, அறிந்து, நிற்பதற்குள் இரண்டு மீற்றர் வரை நடந்துவிடுவார். நின்ற பின்னும் இரண்டு மீற்றர் இடைவெளி இருத்தல் நன்று. எனவே இந்தச் சோதனையில் நின்ற தூரம் இரண்டு மீற்றருக்குக் குறைந்தால் அம்மின்சூள் இரவு வேலைக்கு உதவாது.

2. நேரச் சோதனை. புதிய மின்கலங்களை இட்டு, அல்லது முழுதும் மின்னேற்றி, வழக்கமாகப் பயன்படுத்தும் ஒளிநிலையில் மாலையில் எரியவிடுக. அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து காலடி தூரத்திற் கயிற்றை வைத்துப் பார்க்க. கயிறு தெளிவாகத் தெரியாது போகும் நேரமே உண்மையான எரியும் நேரமாகும். ஒளி சிறிது சிறிதாக மங்குகின்றதா, திடீரென அணைகின்றதா என்பதையும் குறித்துக்கொள்க. திடீரென அணையும் மின்சூளாயின், முன்னெச்சரிக்கைக் குறி ஏதும் காட்டுகின்றதா என அறிதல் அவசியம்.

3. கைச் சோதனை. கையைச் சேற்றில் நனைத்து, மறுதோளில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி மின்சூளை எடுத்து ஆளியை அழுத்துக. வழுக்காமற் பிடிக்க முடிகின்றதா, ஆளி விரலுக்கு உடனே அகப்படுகின்றதா என்பது இதனாற் புலப்படும்.

4. நீர்ச் சோதனை. நீர்காப்பு உண்டு என அச்சிட்ட மின்சூளை மாத்திரம் இவ்வாறு சோதிக்கலாம். நான்காம் படி என்பது எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதையும், ஏழாம் படி என்பது ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பதையும் குறிக்கும். வாய்க்காலில் விழக்கூடிய மின்சூளுக்கு ஏழாம் படி வேண்டும். வாளியிலுள்ள நீரில் இட்டு எடுத்து, கண்ணாடியின் உட்புறத்தில் நீராவி படிகின்றதா எனக் கவனிக்க.

ஆளியும் கையாளும் வசதியும்

ஓர் அழுத்தத்தில் எரிந்து, ஓர் அழுத்தத்தில் அணைவதே சிறந்த ஆளியாகும். அழுத்துந்தோறும் கூடிய ஒளி, குறைந்த ஒளி, மின்னும் ஒளி என மாறிச் செல்லும் மின்சூள்கள் பலவுள. அவசர வேளையில் மின்னும் ஒளி வந்தால் நடை தடுமாறும். வேலியற்ற கிணற்றருகே அது பேராபத்தாகும். கடைசியாக இருந்த ஒளிநிலையிலேயே மறுமுறையும் எரியும் மின்சூளைத் தெரிவு செய்க. சட்டைப் பையில் ஆளி தானே அழுந்தி மின்கலம் தீர்ந்துபோவதும் உண்டு. அடிமூடியைச் சிறிது தளர்த்தி வைத்தால் பல மின்சூள்களில் இதனைத் தடுக்கலாம். கையிற் கோத்துக்கொள்ளும் கயிறு கட்டாயமாக இருத்தல் வேண்டும்.

தலையில் அணியும் விளக்கு இரு கைகளாலும் செய்யும் வேலைக்கு உகந்தது. ஆயினும் நடப்பதற்கு அது அத்துணைச் சிறந்ததன்று. கண்ணுக்கு அருகிலிருந்து ஒளி செல்லும்போது பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னே மறைந்துவிடும். தரையின் மேடுபள்ளம் தட்டையாகத் தோன்றும். மின்சூளை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால் ஒளி தரையைச் சாய்வாகத் தொடும். ஒரு சிறு கல்லும் நீண்ட நிழல் காட்டும். சுருண்ட பாம்பும் அவ்வாறே தெரியும். செலவில்லாது மின்சூளின் பயனைப் பெருக்கும் வழி இதுவேயாம்.

கைத்தொலைபேசியின் வெளிச்சம் சில மீற்றருக்கு அப்பாற் பயன்படாது. அதன் மின்சத்தி அவசர அழைப்புக்கு உரியது; அதனை விளக்காக எரித்துத் தீர்த்தல் தகாது.

மின்கலங்கள்

நாகக்கரி உலர்மின்கலங்கள் மலிவானவை. சிறிது சிறிதாக மங்குவன. காரமின்கலங்கள் கூடிய காலம் உழைப்பன. ஆனால் நெடுநாள் உள்ளே விட்டால் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும். இவை 1.5 உவோற்று உடையன. மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் மின்கலம் 1.2 உவோற்று உடையது; நாள்தோறும் மின்சூளை எடுப்பவருக்குச் சிக்கனமானது. இலிதியம் அயன் மின்கலம் ஏறத்தாழ 3.7 உவோற்று உடையது. சிறிய உருவிற் பெருஞ்சத்தி தருவது. அதனை நசுக்குதலும், வெயிலில் விடுதலும், வீங்கிய பின் பயன்படுத்துதலும் தீப்பிடிக்கக் காரணமாகும்.

கிராமத்துக் கடையில் எளிதிற் கிடைக்கும் மின்கலத்தையும் ஏற்கும் மின்சூள், மின்தடை நேரும் நாள்களிற் கைகொடுக்கும். பழைய மின்கலத்தோடு புதியதைக் கலந்து இடலாகாது. தீர்ந்த மின்கலங்களைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ பாழ்ங்கிணற்றிலோ எறிதல் கூடாது. குடாநாட்டின் நிலத்தடியிலுள்ளது வெடிப்பும் குழியும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லாதலின், மேலே இட்டது விரைவிற் குடிநீர்க் கிணற்றைச் சேரும். அவற்றைத் தனியே ஒரு பேணியிற் சேர்த்துவைத்து, கழிவு சேகரிப்போரிடம் வேறாக ஒப்படைத்தல் வேண்டும்.

கடி நேர்ந்தால்

நல்ல மின்சூளோடு முழங்கால் வரையுள்ள றப்பர்ச் சப்பாத்தும், முன்னே தட்டிச் செல்ல ஒரு தடியும் கொள்ளல் வேண்டும். இவை யாவும் இருந்தும் கடி நேர்ந்தால், கடித்த உறுப்பை அசையாது வைக்க. மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றுக. கயிற்றால் இறுக்கிக் கட்டுதலும், கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும் கூடா. பாம்பைத் தேடிக் கொல்ல முனைந்து நேரத்தை வீணாக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி வரும். நோயாளியைத் தாமதமின்றி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, அண்மையிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லல் வேண்டும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

லூமன் எண்ணின் பெருமை கண்டு மின்சூள் வாங்கலாகாது. அச்சிட்ட தூரத்தின் காற்பங்கையே கணக்கிற் கொள்க. சூழொளி பரந்த கற்றையையும், மஞ்சள் சார்ந்த ஒளியையும் விரும்புக. ஈரக்கையில் வழுக்காததும், ஓர் அழுத்தத்தில் எரிவதுமான மின்சூளைத் தெரிக. வாங்கிய அன்றே கயிற்றுச் சோதனை செய்து பார்க்க. அதன் பின் மாதம் ஒருமுறையும், காலபோகம் தொடங்குமுன்னும் அதே கயிற்றைக் கொண்டு மீண்டும் சோதிக்க. முன்னர் தெரிந்த தூரத்திற் கயிறு தெரியாவிடின் மின்கலத்தை மாற்றுக. கண்ணாடியையும் தொடுமுனைகளையும் துடைக்க. அப்போதும் தெரியாவிடின் மின்சூளையே மாற்றுக.